டெங்குக் கொசு ஆராய்ச்சிக்கு எம்.எல்.ஏ. கடிதம் எதற்கு?

கேள்வி: ஐயா, நான் புதுச்சேரியில் ஓர் அரசுக் கல்லூரியில் விலங்கியல் உதவிப் பேராசிரியர். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். முதுநகரிலும் தேவனாம்பட்டினத்திலும் மழைக்காலத்தில் டெங்குக் கொசு எந்தெந்தப் பாத்திரத்தில் முட்டையிடுகிறது என்று மூன்று வருடம் கணக்கெடுக்க ஒரு ப்ராஜெக்ட் எழுதி, மத்திய அரசின் நிதி நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன். கேட்டது 18 லட்சம். ஏழு மாதம் கழித்து, “புதுமை இல்லை, உள்ளூர் முக்கியத்துவம் மட்டுமே” என்று இரண்டே வரியில் நிராகரித்துவிட்டார்கள். அதே சுற்றில் வேறு கல்லூரிக்காரர் ஒருவருக்குக் கிடைத்திருக்கிறது. அவருக்கு மேலிடத்துச் சிபாரிசு என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். என் தாய்மாமா எனக்கும் ஒரு எம்.எல்.ஏ.விடம் கடிதம் வாங்கித் தருகிறேன் என்கிறார். தயங்கினால், “ஊரே செய்யுது, நீ மட்டும் என்ன?” என்கிறார். வாங்கலாமா? இப்போது நாட்டின் ஆராய்ச்சி நிதி அமைப்புக்குப் பிரதமரே தலைவர் என்கிறார்கள். அப்படியென்றால் ப்ரபோசலைப் படித்து மதிப்பிடும் ரெஃபரி, கமிட்டி, மதிப்பெண் எல்லாம் கண்துடைப்புதானா? – பெயர் வேண்டாம், கடலூர்.

பதில்:

வணக்கம் அம்மா. கடிதம் வாங்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். உங்கள் மாமா இந்த வாரமே லெட்டர்பேடோடு வந்து நிற்கக்கூடும் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நானும் கொசுக்காரன்தான். ஓய்வு பெறுவதற்கு முன் பன்னிரண்டு வருடம் இந்த மாதிரிக் கமிட்டிகளில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே ஒரு சிபாரிசுக் கடிதம் என்ன பாடுபடும் என்று ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். இரண்டு நாளில் அறுபது ஃபைல் பார்க்க வேண்டிய கூட்டம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கண் சொருகும் நேரம். ஒரு ஃபைலைத் திறந்தால், ப்ரபோசலுக்கு மேலே மினுமினு தாளில் முத்திரை போட்ட கடிதம் பின் அடித்து இருக்கிறது. “இவரது ஆராய்ச்சி நாட்டுக்கு மிகவும் பயனுள்ளது, ஆவன செய்யவும்” என்று மூன்று வரி. தலைவராக இருந்த அம்மையார் பின்னைக் கழற்றி, கடிதத்தைக் குப்புறத் திருப்பித் தன் டீ சாஸருக்கு அடியில் வைத்தார். “மேலே போகலாம்” என்றார்.

மேலே போனோம். ஆனால் யாராலும் அந்த ஃபைலை நேராகப் படிக்க முடியவில்லை. இரண்டு பேருக்கு எரிச்சல். ஒருவருக்குப் பயம், அவர் பணியாற்றிய நிறுவனம் அந்தப் பெரிய மனிதரின் தொகுதியில் இருந்தது. எனக்கு, இந்த ஆள் தன் வேலையில் நம்பிக்கை இருந்தால் ஏன் இதை இணைத்தார் என்ற சந்தேகம். ப்ரபோசல் மோசமில்லை. கடிதம் இல்லாமல் வந்திருந்தால் தேறியிருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தேறவில்லை.

கடிதத்தாலோ ஃபோனாலோ காசு வாங்கியவர்களே இல்லை என்று உங்களிடம் சத்தியம் செய்ய மாட்டேன். அப்படியும் நடந்திருக்கிறது. ஆனால் உங்கள் சக பேராசிரியர் விஷயத்தில் “பேசிக்கொள்கிறார்கள்” என்பதைத் தவிர உங்கள் கையில் என்ன இருக்கிறது? கிடைக்காதவர்கள் கூடும் ஸ்டாஃப் ரூமில், கிடைத்தவருக்கு எப்போதும் ஒரு மாமா இருப்பார். எனக்கு முதல் ப்ராஜெக்ட் கிடைத்தபோதும் இருந்தார். நான்தான் அவரைப் பார்த்ததே இல்லை.

சட்டப் பக்கம் ஒன்று உண்டு. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964 பொருந்தும். பணி தொடர்பான விஷயங்களில் மேலதிகாரிகள் மீது அரசியல் செல்வாக்கைக் கொண்டுவரக் கூடாது என்கிறது 20-ஆவது விதி. ப்ராஜெக்ட் நிதி ‘பணி தொடர்பான விஷயமா’ என்று வக்கீல்கள் வாதாடலாம். மூன்று வரிக் கடிதத்துக்காக அந்த வாதத்தில் நீங்கள் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

சரி, கடிதம் வேண்டாம். அதனால் கமிட்டி சொன்னது வேதவாக்கு என்றும் நான் சொல்லவில்லை. இதில் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு சிறிய ஊர்க் கல்லூரியிலிருந்து கொசுவின் கூத்தாடிப் புழுக்களைத் தின்னும் மீன்கள் பற்றி ஒரு ப்ரபோசல் மதிப்பீட்டுக்கு வந்தது. முதல் பக்கத்தில் கல்லூரியின் பெயரைப் பார்த்தேன். இவர்களிடம் நல்ல மைக்ரோஸ்கோப்கூட இருக்காதே என்று நினைத்தேன். மீதியை வேகமாகப் புரட்டிவிட்டு, “வசதிகள் போதாது” என்று எழுதி, ஐந்துக்கு இரண்டு போட்டு அனுப்பினேன். மொத்தம் இருபது நிமிடம். அந்த வேலைக்கு மைக்ரோஸ்கோப்பே தேவையில்லை. பிளாஸ்டிக் தொட்டியும், வலையும், பொறுமையும் போதும் என்பது அன்று இரவு சாப்பிடும்போதுதான் உறைத்தது. மறுநாள் திருத்தி எழுதி அனுப்பினேனா? இல்லை. உங்களுக்கு வந்த இரண்டு வரியைப் படித்ததும் எனக்கு அந்த இருபது நிமிடம்தான் ஞாபகம் வந்தது.

அரசியல்வாதியின் கை தெரிகிற கை. ரெஃபரியின் கை தெரியாது, அவருக்கே கூடத் தெரியாது. ஸ்வீடனில் இதை ஒருமுறை அளந்தே காட்டினார்கள். அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆய்வாளர்களுக்கு எப்படி மதிப்பெண் போடுகிறது என்று பார்க்க கிறிஸ்டின் வென்னெராஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் மதிப்பெண் தாள்களைக் கேட்டார்கள். ரகசியம் என்று கவுன்சில் மறுத்தது. நீதிமன்றம் வரை போய் வாங்கினார்கள். 1997-ல் ‘நேச்சர்’ இதழில் கணக்கை வெளியிட்டார்கள். ஆணுக்குக் கிடைத்த அதே மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் அவரைப்போல 2.5 மடங்கு சாதித்திருக்க வேண்டியிருந்தது. இன்னொன்றும் வெளியே வந்தது: கமிட்டியில் தெரிந்தவர் இருந்தவர்களுக்கும் தனியாக மதிப்பெண் கூடியிருந்தது. அந்தத் தெரிந்தவர் மதிப்பெண் போடாமல் விலகி இருந்தபோதும்கூட! பேராசிரியர்களுக்கும் மாமாக்கள் உண்டு அம்மா, லெட்டர்பேட்தான் இல்லை.

கோவிட் தடுப்பூசிக்கு வழி செய்த எம்.ஆர்.என்.ஏ. ஆராய்ச்சிக்காக 2023-ல் நோபல் பரிசு வாங்கிய காடலின் கரிகோவுக்கு இதே ரெஃபரிகள் முறையில்தான் மானியம் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டது. 1995-ல் பல்கலைக்கழகத்தில் பதவியையும் இறக்கினார்கள். நிராகரிக்கப்பட்ட ஒவ்வொருவரும் நோபல்காரர் என்று இதற்கு அர்த்தமில்லை. இதைச் சொல்லிக்கொண்டு திரிகிற பலரை எனக்குத் தெரியும்.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது: மதிப்பீட்டாளர்களின் முழுக் குறிப்பையும் மதிப்பெண்ணையும் கேளுங்கள். உங்களுக்கு வந்த இரண்டு வரி, கமிட்டிக் கூட்டக் குறிப்பிலிருந்து எடுத்த சுருக்கமாக இருக்கலாம். அதற்குப் பின்னால் இரண்டு மூன்று ரெஃபரிகள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கலாம். முதலில் திட்ட அதிகாரிக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று வாரம் பதில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டாலும் மழுப்பினாலும் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ரெஃபரியின் பெயரைக் கேட்காதீர்கள். கேட்டால் அதையே காரணமாக்கி முழுவதையும் மறுப்பார்கள். பெயரை மறைத்துவிட்டு மீதியைத் தர சட்டத்தின் 10-ஆவது பிரிவு வழி செய்கிறது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். கோபம் ஒரு சொட்டுகூடத் தெரியக் கூடாது. “அடுத்த முறை மேம்படுத்துவதற்காக” என்று எழுதுங்கள். உண்மையும் அதுதானே.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். எல்லாமே அரசியல்தானா? அரசியலுக்கு இதில் இடமே இருக்கக் கூடாதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றுதான் சொல்வேன். அதற்கு நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது.

நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய்கிற, புதுச்சேரி இந்திரா நகரில் இருக்கிற வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர் 1975-ல் தொடங்கியது. உங்கள் மாணவர்களைக் கூட்டிப் போயிருப்பீர்கள். அதே 1975-ல் டெல்லியில் வேறொரு கொசு நிலையம் மூடப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து, அமெரிக்கப் பணத்தில் 1969-ல் ஆரம்பித்த கொசு மரபியல் கட்டுப்பாட்டுப் பிரிவு அது. மலட்டு ஆண் கொசுக்களைப் பெருமளவில் வளர்த்து வெளியே விட்டால், பெண் கொசு இடும் முட்டை பொரியாது, நாளடைவில் கொசு குறையும் என்பது யோசனை. 1974-ல் பத்திரிகைகளில் புகார் கிளம்பியது: பணம் கொடுப்பது வெளிநாடு, நம் நாட்டில் மஞ்சள் காய்ச்சல் இல்லை, ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசுவைத்தான் ஆராய்கிறார்கள், இது உயிரியல் போருக்கான ஒத்திகையோ? நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு விசாரித்துக் கடுமையாக எழுதியது. சோனிபட்டில் செய்யவிருந்த சோதனை நின்றது. பிரிவையே மூடிவிட்டார்கள்.

என் தலைமுறைப் பூச்சியியல்காரர்கள் பல பேர் இதை ‘அரசியல்வாதிகள் அறிவியலைக் கொன்ற கதை’ என்றுதான் சொல்வார்கள். நானும் இளவயதில் அப்படித்தான் சொன்னேன். இப்போது சொல்வதில்லை. ஊருக்குள் லட்சக்கணக்கில் கொசுவைக் கொண்டுவந்து விடுகிறவர்களிடம், “யார் பணம்? அந்த டேட்டா யாருக்குப் போகும்? அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டீர்களா?” என்று நாடாளுமன்றம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ரெஃபரிகள் கேட்டிருக்க மாட்டார்கள்; அவர்கள் பார்ப்பது மலட்டுத்தன்மை சதவீதத்தை. கேள்விகள் சரி. சந்தேகத்தையே தீர்ப்பாக்கி, பல வருட வேலையை அதன் தரம் பார்க்காமல் மூட்டை கட்டியதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. 2022-ல் நம் புதுச்சேரி நிலையம், டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வோல்பாக்கியா பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை, அதாவது டெங்குக் கொசுக்களை, உருவாக்கிவிட்டதாக அறிவித்தது. ஆய்வகத்தில் அது வேலை செய்கிறதா என்று சொல்ல வேண்டியவர்கள் விஞ்ஞானிகள். அதை ஒரு ஊரில் திறந்துவிடலாமா என்பதற்கு அரசின் அனுமதி வேண்டும். வேண்டியதுதான்.

கோடு எனக்குத் தெரிகிற இடம் இது. ஆராய்ச்சிக்கு மொத்தம் எவ்வளவு, அதில் டெங்குவுக்கு எவ்வளவு, சிறிய கல்லூரிகளுக்குத் தனிப் பங்கு உண்டா, மக்கள் மீது செய்யும் சோதனைக்கு என்ன நிபந்தனை, இதெல்லாம் ஓட்டு வாங்கி வந்தவர்கள் சபையில் எழுந்து, பெயர் பதிவாகிப் பேச வேண்டியவை. அந்தப் பணத்தில் எண் 47 ஃபைலா எண் 48 ஃபைலா என்பது அவர்கள் கை வைக்கக் கூடாதது. உங்கள் மாமா வாங்கித் தர நினைக்கிற கடிதம் எண் 47-ஐப் பற்றியது.

அமெரிக்காவில் இந்தக் கோட்டுக்காகவே ஐந்து வருடம் சண்டை நடந்தது. 1945-ல் அரசின் அறிவியல் ஆலோசகராக இருந்த வன்னவர் புஷ், அரசு பணம் கொடுக்கட்டும், பங்கீட்டை விஞ்ஞானிகளிடம் விடுங்கள் என்று அறிக்கை கொடுத்தார். 1947-ல் மசோதா வந்தபோது அதிபர் ட்ரூமன் கையெழுத்துப் போட மறுத்தார். மக்கள் பணத்தைச் செலவழிக்கிற அமைப்பின் தலைவரை, மக்களுக்குப் பதில் சொல்லும் அதிபர் நியமிக்க முடியாதா என்பது அவர் வாதம். தலைவரை அதிபர் நியமிப்பது என்று மாற்றிய பிறகுதான், 1950-ல் தேசிய அறிவியல் அறக்கட்டளை பிறந்தது. ட்ரூமன் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

கோடு தாண்டியதும் அங்கேதான். 1975-ல் செனட்டர் வில்லியம் ப்ராக்ஸ்மயர், வீண் செலவுக்கு ‘தங்கக் கம்பளி விருது’ என்று ஒன்றை மாதாமாதம் அறிவிக்க ஆரம்பித்தார். முதல் விருதே, மனிதர்கள் ஏன் காதலிக்கிறார்கள் என்ற ஆராய்ச்சிக்குக் கொடுத்த 84,000 டாலருக்கு. தலைப்பை மட்டும் படித்துவிட்டுச் சிரிப்பது எளிது. ‘கால்நடைப் புண்ணில் முட்டையிடும் ஈயின் இனச்சேர்க்கைப் பழக்கம்’ என்று சட்டசபையில் வாசித்துப் பாருங்கள், சபை அதிரும். ஆனால் அந்த ஈயின் இனச்சேர்க்கையைப் பார்த்துத்தான், கதிர்வீச்சில் மலடாக்கிய ஆண் ஈக்களை விடலாம் என்று எட்வர்ட் நிப்ளிங் கண்டுபிடித்தார். 1954-ல் குராசாவோ தீவில் அந்த ஈ ஒழிந்தது. பின்னால் அமெரிக்காவிலிருந்தே விரட்டினார்கள். டெல்லியின் மலட்டுக் கொசு யோசனையும் அதே வழியில் வந்ததுதான். ப்ராக்ஸ்மயருக்குப் பதில் சொல்வதுபோல 2012-ல் ஆரம்பித்த ‘தங்க வாத்து விருது’ 2016-ல் அந்த ஈ ஆராய்ச்சிக்கும் போயிற்று. பூச்சிக்காரர்களுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

ப்ராக்ஸ்மயர் கேலிதான் செய்தார். பேனாவை எடுத்து அடித்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கமிட்டிகள் எல்லாம் பார்த்துப் பரிந்துரைத்த ஆறு ஆராய்ச்சித் திட்டங்களைப் பொறுப்பு அமைச்சர் ஒருவர் வெட்டினார். வரிப்பணத்துக்கு மதிப்பில்லை, தேச நலனுக்கு உதவாது என்பது காரணம். கூச்சல் அடங்கவில்லை. 2024-ல் சட்டத்தைத் திருத்தி, திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் வேலையை ஒரு வாரியத்திடம் கொடுத்துவிட்டார்கள். தேசியப் பாதுகாப்பு என்றால் மட்டும் அமைச்சர் தலையிடலாம். அமெரிக்கா எதிர்த்திசையில் போகிறது. 2025 ஆகஸ்டில் வந்த அதிபர் உத்தரவுப்படி, அரசியல் நியமனத்தில் வந்த மூத்த அதிகாரிகள் மானியங்களைப் பார்த்து அனுமதிக்க வேண்டும். ரெஃபரிகள் சொல்வது ஆலோசனை மட்டுமே. அரசியல் ஆதரவில் மரபியலையே முடக்கிய சோவியத் லைசென்கோ கதையை எல்லோரும் சொல்வார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

நம் நாட்டில்? நீங்கள் சொன்னது சரி. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் ஆட்சிக் குழுவுக்குப் பிரதமர் தலைவர், இரண்டு மத்திய அமைச்சர்கள் துணைத் தலைவர்கள். நிர்வாகக் குழுவுக்கு முதன்மை அறிவியல் ஆலோசகர் தலைவர். ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து, தொழில் நிறுவனங்களிடமிருந்தும் நன்கொடையாளர்களிடமிருந்தும் வர வேண்டும். பிரதமர் உட்கார்ந்து உங்கள் கொசு ஃபைலைப் பார்க்கப் போவதில்லை. பெரிய திசை அங்கே முடிவாகும். எனக்குக் கவலை தருவது நாற்காலியில் யார் என்பதைவிட, தலைப்பிலேயே முடிவை எழுதிவைத்துக்கொண்டு ஆராய்ச்சியை அழைப்பது. 2020-ல் நாட்டுப் பசுவின் பொருட்களை ஆராய மத்திய அரசின் பல துறைகள் சேர்ந்து ஒரு திட்டம் அறிவித்தன. 500-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பசுவை ஆராயக் கூடாது என்பதல்ல அவர்கள் வாதம். சிறப்பு இருக்கிறது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுப் பணம் ஒதுக்கினால், இல்லை என்று கண்டுபிடிக்கிறவருக்கு அங்கே இடம் எங்கே? பிறகு திறமையான ரெஃபரிகளை வைத்தே அந்தப் பணத்தைப் பிரித்தாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும்.

ஒரு கிளைக் கதை, பிடிக்காவிட்டால் தாண்டிவிடுங்கள். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் கவுன்சில் 2013-ல் ஒரு வகை மானியத்தைக் குலுக்கல் போட்டே கொடுக்க ஆரம்பித்தது. தகுதி இருக்கிறதா என்று மட்டும் ரெஃபரிகள் பார்ப்பார்கள். தேறியவர்களின் பெயரைப் போட்டு எடுப்பார்கள். ஸ்விட்சர்லாந்திலும் மதிப்பெண் சமமாக நின்றுவிட்டால் சீட்டுதான். இதைக் கேட்டு ஐரோப்பியப் பேராசிரியர்கள் அதிர்ந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதலாம் பராந்தகன் காலத்திலேயே உத்திரமேரூரில் குடவோலை எடுத்தவர்கள் நாம். வயது 35-க்கு மேல் 70-க்குள், சொந்த நிலம், படிப்பு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஓலை குடத்துக்குள் போகும். அதில் ஒரு நிபந்தனை: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவர் சொந்தக்காரரும் நிற்க முடியாது. பழைய ப்ராஜெக்டுக்கு யு.சி. எனும் செலவுக் கணக்குச் சான்றிதழ் கொடுக்காமல் புதுசு கேட்கிற நண்பர்களுக்கு அந்தக் கல்வெட்டைக் காட்டலாம்.

சரி, உங்கள் ப்ரபோசல். இணைப்பில் அனுப்பியிருந்ததை இரண்டு முறை படித்தேன். கோபித்துக்கொள்ளக் கூடாது: “புதுமை இல்லை” என்பதில் பாதி உண்மை. டெங்குக் கொசு எந்தப் பாத்திரத்தில் முட்டையிடும் என்று ஊர் ஊராக எண்ணியிருக்கிறார்கள். டிரம், டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜ் பின்னால் தட்டு என்று பட்டியல் எங்கும் ஒன்றுதான். ஆனால் உங்கள் எட்டாம் பக்கத்தில், ஒரு மூலையில், நல்ல விஷயம் ஒன்றைப் புதைத்து வைத்திருக்கிறீர்கள். முதுநகரில் ஒரு வீட்டில் குடிநீர் பிடித்து வைக்கும் நீல டிரம்மைக் கவிழ்த்துக் காய வைத்திருந்தார்கள். வீடு வீடாகக் கொசுப் புழு தேடும் டி.பி.சி. பணியாளர் வந்து பார்த்து, ‘புழு இல்லை’ என்று எழுதிப் போனார். நீங்கள் டார்ச் அடித்து, பழைய நீர்மட்டக் கோட்டுக்கு மேலே கரும்புள்ளிகளைப் பார்த்தீர்கள். கொஞ்சம் சுரண்டிக் கொண்டுவந்து தண்ணீரில் போட்டீர்கள். மூன்றாம் நாள் கூத்தாடிப் புழு. இதுதானே அம்மா உங்கள் ஆராய்ச்சி! ஏடிஸ் முட்டை உலர்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பது பாடப்புத்தகத்தில் உண்டு. புழுவைக் கொல்லும் அபேட் மருந்தைத் தண்ணீருக்குத்தான் ஊற்றுகிறார்கள். காய்ந்த சுவரை யார் தேய்க்கச் சொல்கிறார்கள்? இரண்டு மழைக்கு நடுவில் பத்து நாள் வெயில் அடித்தால் நம் கரையோரத் தெருக்களில் என்ன நடக்கிறது? டிரம்மின் உள்சுவரை வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தேய்க்கச் சொன்ன தெருவுக்கும், மருந்து மட்டும் ஊற்றிய தெருவுக்கும் அடுத்த மழையில் என்ன வித்தியாசம்?

எட்டாம் பக்கத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ரெஃபரி முதல் பக்கத்தைப் படிக்கும்போதுதான் விழித்திருப்பார். என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

“உள்ளூர் முக்கியத்துவம் மட்டுமே” என்பதற்குப் பதில், கடலூரைப் பெரிதாக்கிக் காட்டுவதில் இல்லை. வடகிழக்குப் பருவமழை விட்டு விட்டுப் பெய்கிற, குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து வாழ்கிற கரையோர ஊர் எதற்கும் இது பொருந்தும் என்று ஒரு பத்தியில் காட்டுங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது ஊரே எப்படித் தண்ணீருக்குக் குடம் குடமாக ஓடியது, எத்தனை பாத்திரத்தில் பிடித்து வைத்தோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அதையும் இரண்டு வரி எழுதலாம்.

18 லட்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். காசு குறைவாகக் கேட்டால் நல்ல பெயர் என்பதற்காகச் சொல்லவில்லை. ஏ.சி., லேப்டாப், கலர் பிரிண்டர் மூன்றும் ஒன்றாக இருக்கிற பட்ஜெட்டைப் பார்த்ததும் ரெஃபரி முகம் சுளிப்பார். ஒரு நல்ல ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப், ஒரு ஆராய்ச்சி மாணவர், வீடு வீடாகப் போக இரண்டு களப்பணியாளர். போதும்.

கடிதம் வாங்கியே தீர வேண்டும் என்றால் இரண்டு வாங்குங்கள். ஒன்று, நீங்கள் சேகரிக்கும் முட்டைகளை இனம் பிரித்து உறுதி செய்து தருவதாக இந்திரா நகர் நிலையத்தில் ஒரு விஞ்ஞானியிடமிருந்து. இன்னொன்று, கடலூர் மாநகராட்சி நகர்நல அலுவலரிடமிருந்து: முடிவு நன்றாக வந்தால் பணியாளர் பயிற்சியில் சேர்த்துக்கொள்வோம் என்று. இந்த இரண்டும் மினுமினு தாளில் இருக்காது. ஆனால் கமிட்டியில் யாரும் அதைக் குப்புறத் திருப்பி வைக்க மாட்டார்கள்.

மாமாவை என்ன செய்வது? அவரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். மனசு கெட்டவர் இல்லை; உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கிறார், அவருக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். அந்த எம்.எல்.ஏ.விடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள்: கடலூரில் வார்டு வாரியாகக் கொசு உற்பத்திக் கணக்கை மாதாமாதம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று சட்டமன்றத்தில் ஒரு கேள்வி. எம்.பி.யைத் தெரிந்தவர் யாராவது அகப்பட்டால், இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதமாகவே நிற்கிறதே, அதில் எங்கள் மாதிரி அரசுக் கல்லூரிகளுக்கு எவ்வளவு வந்தது என்று ஒரு கேள்வி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். உங்கள் பெயர் இரண்டிலும் வராது. மாமாவுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும், பரவாயில்லை.

அடுத்த அழைப்பு எப்போது வந்தாலும், அதற்கு முன் உங்களுக்கு ஒரு மழைக்காலம் கிடைக்கும். காசு வரும் வரை காத்திருக்க வேண்டாம். கறுப்பு பிளாஸ்டிக் கப் அறுபது வாங்குங்கள். உள்ளே சொரசொரப்பான தாள் பட்டையைச் சுற்றி, அரைக் கப் தண்ணீர். முப்பது வீடு, வீட்டுக்கு இரண்டு. மாணவர்களே செய்வார்கள். ஏழாம் நாள் தவறாமல் எடுத்துவிட வேண்டும், விட்டால் நாமே கொசு வளர்த்தவர்கள் ஆகிவிடுவோம். தாளில் தேதியைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், பேனா என்றால் கரைந்துவிடும். அந்த எண்ணிக்கையை முதல் பக்கத்தில் ஒரு சிறிய அட்டவணையாகப் போட்டு எனக்கு அனுப்புங்கள். இந்த முறை இருபது நிமிடத்தில் படிக்க மாட்டேன்.